அந்தமான் செல்லுலார் சிறையின் வரலாற்றையும் கைதிகளையும் முறையாகப் படிப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரையோர வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமான் சிறையைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை கட்டடத்தில் தொடங்கி, நான்கைந்து தலைவர்களின் பெயர்களோடு முடிந்துவிடுகின்றன. அவற்றைப் படிப்பவர், அந்தமானுக்கு அனுப்பப்பட்ட அனைவரும் விடுதலைப் போராட்ட வீரர்கள் என்றும், அவர்கள் அனைவரும் அந்த ஒரே கட்டடத்துக்குள் ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்தார்கள் என்றும் எண்ணிக்கொள்கிறார். இரண்டும் சரியல்ல. தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, மண்டபம் பகுதிப் பள்ளிகளில் வரலாற்று மன்றம் நடத்தும் ஆசிரியர்களையும், தம் ஊரிலிருந்து ‘தீவுக்குப் போன’ ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்தாரையும், நேரில் சென்று பார்க்க விரும்புவோரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தண்டனை, குடியேற்றம், கட்டடம், கைதி, ஆவணம், பயணம் என்ற வரிசையில் படித்துச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. வரிசையை மாற்றினால் கட்டடம் மற்ற அனைத்தையும் மறைத்துவிடுகிறது.

முதற்படி: 1906-இல் தொடங்காமல் 1802-இல் தொடங்குங்கள்

நம் கரையைப் பொறுத்தவரை, கைதிகளைக் கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்தும் தீவாந்தர தண்டனையின் கதை அந்தமானுக்கு முன்பே, பினாங்கில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கும்பெனிக்காக 1786-இல் பிரான்சிஸ் லைட் கைப்பற்றிய அந்தத் தீவுக்கு அப்போது ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு’ என்று பெயர். அந்தமானில் 1789-இல் கும்பெனி அமைத்த முதல் குடியேற்றம் நோயால் நிலைகுலைந்து 1796-இல் கைவிடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கே மாற்றப்பட்டார்கள். ஆகவே கும்பெனிக்கு எதிராக மருது சகோதரர்கள் நடத்திய 1801-ஆம் ஆண்டுப் போர் முடிந்தபோது, பிடிபட்டவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குக் கும்பெனியிடம் விடை ஆயத்தமாக இருந்தது.

அந்தப் போரை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. 1801 ஜூன் 16-இல் மருது பாண்டியர் திருச்சியில் அறிக்கை ஒட்டினார்கள். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில், எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது அவர் பதின்வயதினர். கப்பலேறும் வரை அவர்களைக் காவல் காக்கும் பொறுப்பு ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரியிடம் இருந்தது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கும் இந்த வெல்ஷ், 1818-இல் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்து முதுமை அடைந்த தோற்றத்தில் ஒருவர் தம்முன் வந்து நின்றதையும், அவரே துரைசாமி என்று அறிந்து தாம் திடுக்கிட்டதையும் பதிவு செய்திருக்கிறார். துரைசாமிக்கு அப்போது முப்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான் இருந்திருக்க வேண்டும். தீவாந்தர தண்டனை ஓர் உடலை என்ன செய்தது என்பதற்கு, பகைப் படையின் அதிகாரி எழுதிவைத்த இந்தச் சான்றைவிட நேரடியான ஒன்றை நான் படித்ததில்லை. வகுப்பில் பாடத்தை இதிலிருந்து தொடங்கினால், அந்தமான் என்பது வானத்திலிருந்து விழுந்த புதுமை அன்று, அரை நூற்றாண்டுக் காலமாகப் பழகிய ஒரு தண்டனை முறையின் தொடர்ச்சி என்பது மாணவர்களுக்கு விளங்கும்.

இதே காலத்தில் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி 1795-இல் அரியணையிலிருந்து நீக்கப்பட்டுத் திருச்சியிலும் பின்னர்ச் சென்னையிலும் சிறையிருந்து 1809-இல் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரே கிளர்ச்சிக் காலத்தில் மன்னருக்கு உள்நாட்டுக் கோட்டைச் சிறை, அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்குத் தூக்கு, மற்றவர்களுக்குக் கடல் என்று தண்டனை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது அதிலிருந்து தெரியவரும்.

இரண்டாம்படி: கட்டடத்துக்கு முன்பிருந்த குடியேற்றத்தைப் படியுங்கள்

செல்லுலார் சிறை எழும்புவதற்கு முன்பே அந்தமான் அரை நூற்றாண்டுக் காலம் கைதிகளின் தீவாக இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் சிறைகள் நிரம்பி வழிந்ததால் கைவிடப்பட்ட பழைய திட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் என்ற மருத்துவர், முன்பு ஆக்ரா சிறையின் பொறுப்பில் இருந்தவர், 1858 மார்ச் 10-இல் 200 கைதிகளோடு வந்திறங்கினார். அப்போது அங்கே மதிற்சுவர் எதுவும் இருக்கவில்லை. காட்டை வெட்டிச் சாய்ப்பதே கைதிகளின் வேலை. கடலும் காடும்தாம் காவல். தப்பி ஓடியவர்களில் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். அதிகாரிகள் ராஸ் தீவில் குடியிருந்தார்கள். சங்கிலியிட்ட கைதிகளுக்கான சிறை வைப்பர் தீவில் எழுந்தது. 1872 பிப்ரவரி 8-இல் ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி அப்ரிதி, அடுத்த மாதம் வைப்பர் தீவில்தான் தூக்கிலிடப்பட்டார்.

இக்காலத்தைப் படிக்கும்போது ஒரு தரப்பை மறந்துவிடக் கூடாது. கைதிகள் வெட்டிச் சாய்த்த காடு அந்தமானியப் பழங்குடிகளுடையது. 1859 மே மாதத்தில் அவர்கள் அபர்தீன் குடியேற்றத்தின் மேல் திரண்டு வந்து போரிட்டார்கள். தப்பியோடி அவர்களோடு வாழ்ந்திருந்த துத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே செய்தி சொல்லிவிட்டதால் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதற்காக அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. விடுதலை வரலாறு எழுதுவோர் இந்த நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பாடத்தில் அதற்கு இடம் தரத்தான் வேண்டும்.

மூன்றாம்படி: தண்டனையின் படிநிலைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் மற்ற எதையும் விட்டுவிட்டாலும் இந்தப் படியை விட்டுவிட வேண்டாம். 1890-இல் லையால், லெத்பிரிட்ஜ் ஆகிய இருவர் அடங்கிய ஆய்வுக் குழு அந்தமானைப் பார்வையிட்டு, தீவாந்தரம் என்ற பெயருக்குரிய அச்சம் குறைந்துவிட்டது, தீவுக்கு வந்ததும் ஒவ்வொரு கைதியும் ஒரு கடுமையான தனிமைக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தத் தனிமைக் காலத்துக்காகவே செல்லுலார் சிறை கட்டப்பட்டது. 1896-இல் தொடங்கிய பணி 1906-இல் முடிந்தது. அதைக் கட்டியவர்களும் கைதிகளே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுள் தண்டனை பெற்ற சாதாரணக் கைதி ஒருவர் கடந்த பாதை இதுதான். முதல் ஆறு மாதம் செல்லுலார் சிறையில் தனியறை. அடுத்த ஒன்றரை ஆண்டு, பகலில் மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் சிறை. அதன்பின் மூன்று ஆண்டு, கொட்டடியில் தங்கிக் கூலியில்லாக் கடின உழைப்பு. பின்னர் ஐந்து ஆண்டு, சிறு படியோடு சற்று இலகுவான வேலை. ஆக மொத்தம் பத்து ஆண்டுகளை ஒழுங்காகக் கழித்தவர் அனுமதிச் சீட்டுப் பெற்று, குடிசை போட்டுக்கொண்டு, நிலம் உழுது, மாடு வளர்த்து, பெண் கைதி ஒருவரை மணந்துகொண்டு வாழலாம். தீவை விட்டு வெளியேற மட்டும் முடியாது. 1901 கணக்கெடுப்பின்போது குடியேற்றத்தில் ஏறத்தாழ 12,000 கைதிகள் இருந்தார்கள். முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் இருந்த அறைகளோ 700-க்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே, பெரும்பான்மைக் கைதிகளின் வாழ்க்கை அந்தக் கட்டடத்துக்கு வெளியே கழிந்தது என்பது தெளிவாகும்.

அரசியல் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட தனிக்கொடுமையும் இங்கேதான் விளங்குகிறது. கொலைக் குற்றவாளி ஆறு மாதத்தில் கடந்துபோன வாசலை, வெடிகுண்டு வழக்கில் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கடக்க முடியவில்லை. அடுத்த படிக்கு உயர்த்தும்படி அவர்கள் திரும்பத் திரும்ப எழுதிய மனுக்களின் பொருள், இந்தப் படிநிலைகளை அறியாதவருக்குப் புரியாது.

நான்காம்படி: கட்டடத்தை உறுப்பு உறுப்பாக வாசியுங்கள்

நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு சிறகின் அறைவாசல் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும்படி அமைத்ததால், எதிரறைக் கைதியின் முகம் கண்ணில் படவே வழியில்லை. பல கைதிகள் சேர்ந்து படுக்கும் கூடம் எதுவும் கிடையாது. அறை ஏறத்தாழ பதின்மூன்றரை அடி நீளமும் ஏழு அடி அகலமும் கொண்டது. பின்சுவரின் உச்சியில் கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். கடற்கரை மணலில் கயிறு பிடித்து இந்த அளவைக் கோடு கிழித்து, மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே நிற்கச் சொன்னால் அளவு மனத்தில் பதியும். படம் காட்டுவதைவிட இது பயன் தருகிறது.

தாழ்ப்பாளைத் தனியாகக் கவனியுங்கள். கம்பிக் கதவிலிருந்து நீளும் இரும்புத் தண்டு, கதவோடு நின்றுவிடாமல், பக்கத்துச் சுவரில் தள்ளிக் குடைந்த ஒரு மாடத்துக்குள் சென்று பூட்டிக்கொள்ளும். கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து எவ்வளவு நீட்டினாலும் பூட்டு விரலுக்கு எட்டாது. மாடத்தின் ஆழமும் தூரமும் மனிதக் கையின் நீளத்தை அளந்து முடிவு செய்யப்பட்டவை போலவே தோன்றும்.

வேலைகளில் மிகவும் அஞ்சப்பட்டது செக்கு. நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்பது விதி. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்: கொப்பரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு எண்ணெய் என்று கொண்டால், அந்த அளவுக்கு இருபது கிலோவுக்கும் மேற்பட்ட கொப்பரையை ஆட்டியாக வேண்டும். மாடு கட்டி ஓட்டும் செக்கை, அரை வயிற்றுக் கஞ்சியோடு, மனிதர் சுற்றினார்கள். அளவு குறைந்தால் கைவிலங்கிட்டு நிற்கவைத்தலும், குறுக்குக் கட்டை வைத்த கால்விலங்கும், கசையடியும் உண்டு. தேங்காய் மட்டையை அடித்து நாராக்குவதும், அதைக் கயிறாகத் திரிப்பதும் மற்ற வேலைகள். டேவிட் பாரி என்ற அயர்லாந்துக்காரர் தலைமைச் சிறைக்காவலராக இருந்த காலத்தைப் பற்றிக் கைதிகள் எழுதியவை அனைத்திலும் இவை இடம்பெறுகின்றன.

ஐந்தாம்படி: கைதிகளை அலை அலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெயர்களை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட பரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத், ஹேமச்சந்திர தாஸ், உபேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் 1909-இல் வந்தவர்கள். இவர்களுக்குச் சற்றுப் பின்னர் சாவர்க்கர் சகோதரர்கள். அவர்களில் விநாயக தாமோதர சாவர்க்கர் 1911 ஜூலையில் வந்து 1921 வரை இருந்தார். அவருடைய கருணை மனுக்களைப் பற்றி இன்று இரு தரப்பாரும் ஒற்றை வரிகளைக் கொண்டு சண்டையிடுகிறார்கள். மனுக்கள் அச்சில் கிடைக்கின்றன, முழுவதும் படித்துவிட்டு அவரவர் முடிவுக்கு வருவதே முறை. 1912-இல் இந்துபூஷண் ராய் அறையிலேயே தூக்கிட்டு இறந்தார். அதே ஆண்டில் உல்லாஸ்கர் தத் மனநிலை பாதிக்கப்பட்டார். பின்னர் அவர் சென்னை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார் என்பது நம் பக்கத்து வாசகர்களில் பலர் அறியாத செய்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர் தொடங்கிய புரட்சி அமைப்பான கதர் கட்சியைச் சேர்ந்த சோகன் சிங் பக்னா முதலியோர் வந்தார்கள்.

சென்னை மாகாணத்துக்கு மிக நெருக்கமான அலை அடுத்து வந்தது. 1921-இல் மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் நடத்திய கிளர்ச்சியில் தண்டனை பெற்றவர்கள் பெருந்தொகையாக அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்தாரையும் வரவழைத்து அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். 1922–24 காலத்து ஆந்திர மலைப்பகுதியின் ரம்பா கிளர்ச்சியாளர்களும் அனுப்பப்பட்டவர்களே. தலைவர்களின் பட்டியலில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

கடைசி அலை 1932-இல் தொடங்கியது: சிட்டகாங் ஆயுதக்கிடங்கு வழக்கின் அனந்த சிங், கணேஷ் கோஷ், பகத்சிங்கின் தோழர்களான படுகேஷ்வர் தத், விஜய் குமார் சின்ஹா, மகாவீர் சிங். 1933 மே 12-இல் தொடங்கிய உண்ணாநோன்பில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியபோது மகாவீர் சிங் இறந்தார்; அவரைத் தொடர்ந்து மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய இருவரும் இறந்தார்கள். நாற்பத்தாறு நாள் நீடித்த அந்த நோன்புக்குப் பின் விளக்கு, நூல்கள், படிக்க வசதி ஆகியவை கிடைத்தன. 1937 ஜூலையில் மீண்டும் உண்ணாநோன்பு. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வ.உ.சிதம்பரனார் அந்தமானில் செக்கிழுத்தார் என்று மேடைகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இன்றும் சொல்லப்படுகிறது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது தீவாந்தர தண்டனைதான். இரண்டு ஆயுள், நாற்பது ஆண்டு. ஆனால் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. அவர் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். தீர்ப்பில் தீவாந்தரம் என்று இருப்பதை மட்டும் கொண்டு ஒருவர் தீவுக்குப் போனார் என்று முடிவு செய்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ‘தீவாந்தரம்’ என்ற தண்டனைப் பெயரே 1955-இல் சட்டத்திருத்தம் செய்யப்பட்ட பிறகுதான் ‘ஆயுள் சிறை’ என்று மாறியது.

ஆறாம்படி: ஒரு பெயரை ஆவணத்தில் பின்தொடருங்கள்

ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் ஒரு மரச்சீட்டுத் தொங்கியது. கைதி எண், தண்டித்த சட்டப்பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலை நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆபத்தானவர் என்று கருதப்பட்டவர்களுக்குக் கூடுதலாக ‘டி’ என்ற எழுத்து. ஐம்பது ஆண்டு தண்டனை பெற்ற விநாயக சாவர்க்கரின் சீட்டில் விடுதலை ஆண்டு 1960 என்று இருந்தது. உங்கள் தேடலிலும் இதே நான்கு செய்திகளைத்தான் வரிசையாக நிரப்ப வேண்டும். அக்காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 302 என்றால் கொலை. 395 என்றால் கூட்டுக்கொள்ளை. 121 என்றால் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். ஊரில் ‘வெள்ளைக்காரனை எதிர்த்துத் தீவுக்குப் போனவர்’ என்று சொல்லப்படும் ஒருவர், ஆவணத்தில் வரப்புத் தகராற்றுக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவராக வெளிப்படலாம். அதற்கு ஆயத்தமாக இருப்பவரே இந்தத் தேடலில் இறங்க வேண்டும். அக்குடும்பத்தார் இன்றும் அதே தெருவில் வாழக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, அவர்களிடம் கேட்காமல் எதையும் வெளியிடாதிருப்பது நாகரிகம்.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண நீதித்துறைப் பதிவுகள் உள்ளன. புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறைப் பதிவுகளுக்குள் ‘போர்ட் பிளேர்’ என்ற தனிப் பிரிவே உண்டு. அவற்றில் ஒரு பகுதியை ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பினாங்குக் காலத்துக்குக் கும்பெனியின் சென்னை ஆலோசனைப் பதிவுகள் வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளிலும் அவை கிடைக்கும். எந்த இடமானாலும், வெள்ளை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டலே உங்களுக்கு முதல் தடை. முதுகுளத்தூரும் அபிராமமும் எத்தனை வடிவங்களில் வரக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஆள் பெயரைவிட ஊர்ப்பெயரும் ஆண்டும் விரைவாக வழிகாட்டும்.

ஏழாம்படி: 1942 முதல் 1945 வரையுள்ள பக்கத்தைப் புரட்டாமல் விடாதீர்கள்

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றியபின் அதே அறைகள் வேறு கைதிகளால் நிரம்பின. நேதாஜி 1943 டிசம்பர் இறுதியில் வந்து கொடியேற்றினார் என்பதை எல்லாரும் அறிவோம். அடுத்த இரண்டு வாரங்களில், உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் திவான் சிங் அதே சிறையில் சித்திரவதைக்குப் பின் இறந்தார். 1944 ஜனவரி 30-இல் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த இரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதும் துணிவு பாடநூல்களுக்கு இன்னும் வரவில்லை.

எட்டாம்படி: நேரில் செல்லும்போது

சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். உடல்நிலை இடங்கொடுப்பவர்கள் ஒரு வழியாவது கப்பலில் செல்வது நல்லது; 1,200 கிலோமீட்டர் கடல் என்பது வள்ளத்தில் பழகிய நம் கரையாருக்குக்கூடப் புதிய அனுபவமாகவே இருக்கும். சிறை அமைந்துள்ள போர்ட் பிளேர் நகரத்தின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ராஸ் தீவின் பெயர் 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்றும் மாற்றப்பட்டுள்ளன. பழைய நூல்களில் தேடும்போது போர்ட் பிளேர், ராஸ் என்றே தேட வேண்டும்.

ஏழு சிறகுகளில் இப்போது எஞ்சியிருப்பவை மூன்று. 1941 நிலநடுக்கத்தின் சேதத்துக்கும் பிற்காலத்து இடிப்புக்கும் பின் காலியான இடத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. முன்னாள் கைதிகளின் எதிர்ப்பினால் மிச்சம் காப்பாற்றப்பட்டு, 1979 பிப்ரவரி 11-இல் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அர்ப்பணித்தார். மாலை ஒளி-ஒலிக் காட்சிக்கு முன், பகலிலேயே இரண்டு மணி நேரமாவது சிறைக்குள் செலவிடுங்கள். தாழ்ப்பாள், சாளரம், தூக்குமேடை, செக்கு என்று நான்காம்படியில் கண்ட வரிசையிலேயே பாருங்கள். அடுத்த நாள் படகில் ராஸ் தீவு. வாய்ப்பிருந்தால் வைப்பர் தீவு. ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தால், தென் அந்தமானின் உட்பகுதியில் மாப்பிள்ளைக் கைதிகளும் அவர்கள் குடும்பத்தாரும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிய மஞ்சேரி, மலப்புரம், காலிகட் ஆகிய ஊர்களுக்குப் பேருந்தில் சென்றுவாருங்கள். சுற்றுலா முகவர் தரும் அட்டவணையில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.